மத்தியானத்திலும் அணைக்கலாம்: அப்பாவின் 120 ஒய்க்கு இன்ஜெக்‌ஷன் பொருத்திய சுங்கை சிப்புட் பட்டறை

எங்கள் வீட்டில் வெகுநாளாக ஒரு சட்டம் இருந்தது. வெயில் ஏறிய பிறகு காடியை (காரை) அணைக்கக் கூடாது. மலேசியாவில் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டின் பாசாருக்கு (சந்தைக்கு) போனால் அம்மா இறங்கி மீன் வாங்குவார், அப்பா எஞ்சினை ஓடவிட்டபடி உள்ளேயே உட்கார்ந்திருப்பார். மறந்துபோய் அணைத்துவிட்டால் பானெட்டைத் தூக்கி, காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டர்மேல் ஈரத்துணியைச் சுற்றி, அரைமணி நேரம் நிழலில் நிற்க வேண்டியதுதான். அதற்குள் மீனுக்குப் போட்ட ஐஸ் பையிலேயே தண்ணீராகிவிடும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணிக்கு, அதே பாசார் வாசலில் காடியை அணைத்தேன். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். நாற்பது நிமிடம் கழித்து வந்து சாவியைத் திருப்பினேன். அரைச் சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பழைய காடி வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். கார்புரேட்டரை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷனைப் பொருத்திக்கொடுத்த பட்டறையைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

காடி 1976-ஆம் ஆண்டு டட்சன் 120 ஒய். ஏ12 எஞ்சின், 1,171 சிசி. அப்பா லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டியவர். 1983-இல் தோட்டத்து மருத்துவமனை டிரெஸ்ஸர் ஐயாவிடமிருந்து இதை வாங்கினார். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயம் இடிந்து, நாங்கள் டவுனுக்கு வீடு மாறியபோதும் காடி கூடவே வந்தது. நான் இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இந்தக் காடியைச் சரிபார்த்தது என் படிப்பு இல்லை, அப்பாவின் காது. நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "எண்ணெய் கூடப் போவுதும்மா" என்பார். எங்கள் பேச்சில் எண்ணெய் என்றால் பெட்ரோல். மிக்ஸர் ஸ்குரூவைக் கால் சுற்றுத் திருப்புவார். எஞ்சின் மூச்சு சீராகிவிடும். இப்போது அப்பாவுக்கு 79 வயது, இரண்டு காதிலும் மிஷின். மூன்று வருடமாக அவரால் அந்த ஸ்குரூவைச் சரியாக வைக்க முடியவில்லை. நான்கு முறை திருப்பிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவார். காடி பந்தலுக்கடியில் துணி போர்த்தி நின்றது.

பழைய காடியைப் பழையபடியே வைக்க வேண்டும், கார்புரேட்டரைக் கழற்றினால் அதன் உயிரே போய்விடும் என்று சொல்பவர்கள் என் நண்பர்களிலும் உண்டு. அவர்கள் பேச்சை நான் மதிக்கிறேன். ஆனால் என் காடிக்குப் பழையபடி என்றால் துணிக்கடியில் நிற்பதுதான். எனக்கு அதை ஓட்ட வேண்டும். பள்ளிக்கு, கோயிலுக்கு, அப்பாவை ஈப்போ மருத்துவமனைக்கு.

முதல் முயற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டறைக்கு வருவதற்கு முன் வேறு ஊரில் ஒரு கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். "பவர் கூடும்" என்று சொல்லி நிமிடத்துக்கு 440 சிசி பாயும் இன்ஜெக்டர்களைப் போட்டார்கள். நிற்கும்போது எஞ்சின் 1,200-இல் ஆடும், பிளக் நான்கும் கரிக்கட்டை, லிட்டருக்கு 7 கிலோமீட்டர்கூடப் போகவில்லை. "ஓட ஓடத் தானே கத்துக்கும்" என்று மூன்று மாதம் சொன்னார்கள். அது கற்றுக்கொள்ளவே இல்லை. 3,200 வெள்ளி (ரிங்கிட்) போனது.

அங்கே என்ன தவறு நடந்தது என்பதை எனக்குப் புரியவைத்தவர் இந்தப் பட்டறைக்காரர்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். ஜொகூரில் ரேஸ் காடிப் பட்டறை ஒன்றில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். ஊரில் எல்லோரும் போமன் (மெக்கானிக்) தம்பி என்கிறார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் பெரிய மாமரம், அதற்கடியில் எப்போதும் இரண்டு மூன்று பழைய காடிகள், அவ்வளவுதான் அடையாளம். முதல் நாள் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், உங்க எஞ்சினுக்கு மொத்தமே எழுபது குதிரைதான். பச்சைப்பிள்ளைக்குப் பாலாடையில குடுக்கிற மருந்த இவங்க அகப்பையில குடுத்திருக்காங்க."

எனக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமாக இருந்தது. இன்ஜெக்டர் என்பது மின்காந்தத்தால் திறந்து மூடும் ஒரு சின்னக் கதவு. அது திறக்கவே ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி எடுக்கும். கதவு பெரியதாக இருந்தால், சும்மா நிற்கும் எஞ்சினுக்கு வேண்டிய துளி எண்ணெய்க்கு அது மிகக் கொஞ்ச நேரம் திறந்திருந்தாலே போதும். திறந்து முடிப்பதற்குள் மூட வேண்டும். அந்த வேகத்தில் எந்த இன்ஜெக்டரும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவைத் தராது. அதனால்தான் எஞ்சின் ஆடியது. கம்ப்யூட்டர் எவ்வளவு கற்றுக்கொண்டாலும் கதவின் அளவு மாறாதே.

அவர் உடனே வேலையை ஆரம்பிக்கவில்லை. முதலில் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று, பார்த்தார். 160, 155, 158, 162. வால்வு இடைவெளியைச் சரிசெய்தார். காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயில் எங்காவது ஒழுகுகிறதா என்று புகைவிட்டுத் தேடினார். இதற்கே ஒரு வாரம். "எஞ்சின் சீக்காளியா இருந்தா இன்ஜெக்‌ஷன் போட்டு ஒண்ணும் ஆவாது. சீக்கு என்னான்னு தெளிவாத் தெரியும், அவ்வளவுதான்" என்றார். முந்தைய கடையில் யாரும் பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ரெடிமேடாக ஒன்றை வாங்கி மாட்டிவிடலாமே என்று கேட்டேன். கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு தானாகவே அளவு கற்றுக்கொள்ளும் அமெரிக்கப் பெட்டிகள் இருக்கின்றன, ஹாலி ஸ்னைப்பர் போல. அவற்றில் பெரும்பாலானவை பெரிய வி8 எஞ்சின்களுக்காகச் செய்தவை, நம் 1.2 லிட்டருக்கு அந்தத் தொண்டை மிகப் பெரியது என்று மறுத்துவிட்டார். பதிலாக, பழைய காடிகளை அறுத்து உதிரி விற்கும் ஹாஃப்கட் கடையிலிருந்து, புரோட்டோன் வீரா காடியின் திராட்டில் பாடியும் (காற்றைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) நான்கு இன்ஜெக்டரும் எடுத்தார். காற்றை நான்கு சிலிண்டருக்கும் பிரித்தனுப்பும் எங்கள் காடியின் சொந்த மேனிஃபோல்டையே ஈப்போவில் ஒரு லேத் கடைக்குக் கொண்டுபோய், நான்கு குழாய்க்கும் இன்ஜெக்டர் உட்காரும் குமிழ்களை அலுமினிய வெல்டிங் வைத்து வாங்கிவந்தார். மூளைக்கு, அதாவது இன்ஜெக்டரை இயக்கும் கம்ப்யூட்டருக்கு, ஸ்பீடுவினோ பலகை. ஆஸ்திரேலியாவில் ஜோஷ் ஸ்டூவர்ட் என்பவர் தொடங்கி, உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்த்த திறந்த மூலத் திட்டம் அது. அடியில் இருப்பது ஆர்டுவினோ மெகா. என் பள்ளி ரோபோட்டிக் மன்றத்துப் பிள்ளைகள் விளக்கெரிய வைத்து விளையாடும் அதே நீலப் பலகை. அதைக் காடியின் டாஷ்போர்டுக்கடியில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே மறைக்க விரும்பவில்லை.

இன்ஜெக்டர்களை அவர் சோதித்த சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும். ஒரு இரும்புச் சட்டத்தில் நான்கையும் வரிசையாக மாட்டி, கீழே நான்கு அளவு உருளைகளை நிறுத்தினார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பதே போன்ற கண்ணாடி உருளைகள். சுவிட்சைத் தட்டியதும் டக்டக்டக்டக் என்று தையல் மிஷின் சத்தம். நான்கு இன்ஜெக்டரின் நுனியிலும் எண்ணெய் புகையாக விரிந்தது. மூன்றாவதில் மட்டும் ஒரு ஓரம் புகையாகாமல் நூல்போல ஒழுகியது. ஒரு நிமிடம் கழித்து நிறுத்தினார். நான் குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து அளவைப் படித்தேன். 201, 199, 183, 200. அவர் மூன்றாவதைக் கழற்றி அல்ட்ராசோனிக் தொட்டியில் இருபது நிமிடம் போட்டார். மறுபடியும் மாட்டினால் 194. இன்னொரு முறை போட்டார், 198. "இது போதும் தம்பி" என்றேன். "போதாது டீச்சர், நூல் மாதிரி விழுவுது இன்னும்" என்று சொல்லி, அடுத்த நாள் வேறொன்றைத் தேடி எடுத்துவந்து மாட்டினார். அளவு சரியாக இருந்தும் சிதறல் சரியில்லை என்பதற்காக ஒரு பொருளை ஒதுக்கிய மனிதரிடம் காடியைக் கொடுத்திருக்கிறோம் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

எண்ணெய் வரும் வழியும் பணமும் நேரமும் நிறையவே எடுத்தது. அங்கே யாரும் சிக்கனம் பார்க்காதீர்கள். கார்புரேட்டருக்கு எஞ்சினோடு சுற்றும் பழைய பம்பு கால் பார் அழுத்தத்தில் எண்ணெய் அனுப்பினால் போதும். இன்ஜெக்டருக்கு 3 பார் வேண்டும், பன்னிரண்டு மடங்கு. பழைய ரப்பர் குழாய் அதைத் தாங்காது. முந்தைய கடையில் சாதாரணக் குழாயைத்தான் போட்டிருந்தார்கள். அவர் அதை வளைத்துக் காட்டியபோது வெளித்தோலில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. அந்தக் காடியில் நான் மூன்று மாதம் அப்பாவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். இன்ஜெக்‌ஷனுக்கென்றே செய்யப்படும் ஆர்9 தரக் குழாயை மீட்டர் கணக்கில் வாங்கி மாற்றினார். டேங்கை இறக்கி உள்ளே இருந்த துருவைக் கழுவினார். மிஞ்சிய எண்ணெய் திரும்பிப் போக இரண்டாவது பைப் ஒன்றை இழுத்தார்.

பூட்டில் (பின்பக்கச் சாமான் அறையில்) ஒன்றரை லிட்டர் பிடிக்கும் சின்னத் தொட்டி ஒன்றையும் வைத்து, அதைச் சுற்றித் தகரத்தில் மூடி அடித்து அடைத்தார். இது எதற்கு என்று அப்பா கேட்டார். கார்புரேட்டரின் வயிற்றில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய் நிற்கும். வளைவில் டேங்கில் எண்ணெய் ஒதுங்கிப் பம்பு காற்றை இழுத்தாலும் அந்த இருப்பு சமாளித்துவிடும். இன்ஜெக்டருக்கு அப்படி வயிறு இல்லை. ஒரு நொடி காற்று வந்தால் எஞ்சின் விக்கும். அந்த இருப்புக்குத்தான் இந்தத் தொட்டி. அப்பா கேட்டுவிட்டு, "வயித்தக் கொண்டுபோய் முதுகுல வெச்சிருக்க" என்றார். அவருக்கு முழுதாகப் புரிந்துவிட்டது.

பாதுகாப்புக்கு இரண்டு ஏற்பாடுகள். எஞ்சின் சுற்றுவது நின்றால் கம்ப்யூட்டரே பம்பை நிறுத்திவிடும். எங்காவது மோதினால் அதிர்வில் தானே துண்டித்துக்கொள்ளும் சுவிட்ச் ஒன்றும் உண்டு. யாரிடம் இந்த வேலையைக் கொடுத்தாலும் இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் விபத்தில் அறுந்த குழாய் வழியாகப் பம்பு எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

பற்றவைக்கும் நேரத்தையும் கம்ப்யூட்டரிடமே கொடுத்தோம். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டுக்குப் பதில், முன்னால் கிராங்க் புல்லியில் 36 பல் சக்கரம். அதில் ஒரு பல் கிடையாது. அந்தப் பொக்கை சென்சாரைத் தாண்டும்போதெல்லாம் எஞ்சின் எந்த இடத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். மறுநாள் வகுப்பில் அதிர்வெண் பாடத்துக்கு இதைத்தான் உதாரணமாக வரைந்தேன்.

முதல் நாள் எஞ்சின் பிடித்தபோது அது நன்றாகவே இல்லை. இருமியது, பின்னால் வெடித்தது. அதைத்தான் எதிர்பார்த்தேன் என்று போமன் தம்பி சிரித்தார். ட்யூனிங் என்ற வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு கட்டம் போட்ட அட்டவணை இருக்கிறது. கிடையாக 16, நெடுகாக 16, மொத்தம் 256 கட்டங்கள். ஒருபக்கம் எஞ்சின் வேகம், இன்னொருபக்கம் மேனிஃபோல்டு அழுத்தம். இந்த வேகத்தில், இந்தப் பாரத்தில், சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று நிரம்பும் என்பது ஒவ்வொரு கட்டத்திலும் எழுதியிருக்க வேண்டும். நம் எஞ்சினுக்கு அந்த எண்கள் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஓட்டிப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். அதற்காக ஒன்பது இரவுகள், எட்டு மணிக்கு மேல் வாகனம் குறைந்த பிறகு, லிந்தாங் சாலையில் ஓட்டினோம். நான் ஸ்டியரிங்கில், அவர் பக்கத்தில் லேப்டாப்போடு, அப்பா பின் இருக்கையில். புகைக்குழாயில், காற்றும் எண்ணெயும் கலந்த விகிதத்தை அளக்கும் பாஷ் வைட்பேண்ட் சென்சார். பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பது பாடப்புத்தகக் கணக்கு. திரையில் அந்த எண் ஏறியிறங்குவதை நேரில் பார்ப்பது எனக்குப் புதிது.

"டீச்சர், மூணாவது கியர், ரெண்டாயிரத்து ஐந்நூறுல பிடிங்க. விடாதீங்க. ஏத்தம் வருது, கால அழுத்துங்க, அதே ஆர்பிஎம். அப்படியே."

இருபக்கமும் செம்பனை. எதிரே பழக்குலை ஏற்றிய லோரி வந்தால் ஒதுங்கி, மறுபடியும் அதே ஏற்றம், அதே வேகம். ஒரு கட்டம் சரியானால் அடுத்தது. மூன்றாவது இரவு அப்பா பின்னாலிருந்து, "இப்ப எண்ணெய் கூட" என்றார். காதில் மிஷின் மாட்டியிருக்கவில்லை. போமன் தம்பி திரையைப் பார்த்தார். 12.6 காட்டியது. எண் குறைந்தால் எண்ணெய் கூட என்று அர்த்தம். கூடத்தான். "ஐயா, எப்படிச் சொன்னீங்க?" "சீட்டுல தெரியுது தம்பி, முதுகுல." அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் எண்ணைப் பார்த்த பிறகு அவரையும் கேட்டார். சமவேகத்தில் இயந்திரமும் அப்பாவும் ஏறத்தாழ ஒரே பதிலைச் சொன்னார்கள். ஏற்றத்தில் மட்டும் அப்பா இன்னும் கொஞ்சம் எண்ணெய் கேட்டார். "பாரம் இழுக்கும்போது வயித்துக்குப் போடணும்." பாரத்தில் 13-ஐ ஒட்டி வைப்பதுதான் வழக்கம் என்று போமன் தம்பியும் ஒப்புக்கொண்டு, 13.4-இல் இருந்ததை 13-க்குக் கொண்டுவந்தார். அந்தக் கட்டங்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. அப்பாவின் காது கேட்டுக்கொண்டிருந்த விஷயம் இப்போது எண்களாகக் காடிக்குள் இருக்கிறது. நான் கொடுத்த கூலியில் பெரும்பங்கு இந்த ஒன்பது இரவுகளுக்குத்தான் என்று நினைக்கிறேன். பெட்டியும் பம்பும் காசு கொடுத்தால் எங்கேயும் கிடைக்கும்.

அப்பாவை முதலில் சம்மதிக்கவைத்தது எது என்பதையும் சொல்கிறேன். "கம்ப்யூட்டர் எல்லாம் புதுக் காடிக்கு" என்று பிடிவாதமாக இருந்தார். மின்னணு இன்ஜெக்‌ஷனை பாஷ் நிறுவனம் டி-ஜெட்ரோனிக் என்ற பெயரில் 1967-லேயே போக்ஸ்வேகன் 1600-க்குப் போட்டுவிட்டது என்று சொன்னேன். "அப்படின்னா நம்ம காடியவிட மூப்பா?" என்று கேட்டார். ஒன்பது வயது மூப்பு. அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியான வெயில் சங்கதிக்கு வருகிறேன். ஏ12-இல் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கம். கார்புரேட்டர் புகைக்குழாய்க்கு நேர்மேலே உட்கார்ந்திருக்கும். குளிர்நாட்டில் அது நல்லது, எண்ணெய் சீக்கிரம் ஆவியாகும். நம் ஊரில் எஞ்சினை அணைத்ததும் காற்றோட்டம் நின்று, சூடு மேலேறி, கார்புரேட்டர் வயிற்றிலிருக்கும் எண்ணெயே கொதித்துவிடும். இன்ஜெக்‌ஷனில் எண்ணெய் 3 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும் என்பது நான் வருடாவருடம் பிரஷர் குக்கரை வைத்து நடத்தும் பாடம். சாவியைத் திருப்பியதும் பம்பு இரண்டு விநாடி ஓடி, சூடான எண்ணெயைத் திருப்பியனுப்பிவிட்டுப் புதியதைக் கொண்டுவந்துவிடுகிறது. நாற்பது வருடமாக எங்கள் குடும்பம் வெயிலில் நின்றதற்கு மருந்து இவ்வளவுதான்.

பள்ளி விடுமுறையில் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போனோம். முன்பு அப்பா ஓட்டியபோது கம்போங் ராஜா தாண்டியதும் காடி மூச்சு வாங்கும், பின்னால் கரும்புகை. மேலே காற்றின் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்புரேட்டர் அதற்கு ஏற்றபடி எண்ணெயைக் குறைக்காது. இப்போது மேனிஃபோல்டு அழுத்த சென்சாரே பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்கிறது. இந்தப் பலகை காற்றழுத்தத்தை எஞ்சின் கிளப்பும்போது ஒரே ஒரு முறைதான் படித்து வைத்துக்கொள்ளுமாம். நிறுத்தாமல் மலையேறினால் அந்த எண் பழையதாகிவிடும். அதனால் நான் கேட்காமலேயே காற்றழுத்தத்துக்கென்று தனி சென்சார் ஒன்றைச் சேர்த்திருந்தார், 60 வெள்ளி. வீட்டு வாசலில் 100 கிலோபாஸ்கல் காட்டியது பிரிஞ்சாங்கில் 85 காட்டியது. காடி சிணுங்கவே இல்லை. அப்பா இரண்டு முறை திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் புகையைத் தேடினார்.

குறைகளும் உண்டு.

நான்கு வாரம் என்று சொன்ன வேலை பதினோரு வாரம் ஆனது. ஒரே ஆள், எல்லாவற்றையும் தானே செய்கிறார். காலையில் போன் எடுக்கமாட்டார். எனக்குப் பள்ளிக்குப் போக வேறு காடி இருந்தது. இல்லாதவர்கள் யோசிக்க வேண்டும்.

வேலை முடிந்து இரண்டாவது வாரம், சாயங்கால மழையில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காடி அப்படியே நின்றுபோனது. போன் செய்தேன். அரைமணி நேரத்தில் குடை பிடித்தபடி வந்தார். சென்சார்களின் எர்த் வயரைப் பெயிண்ட் பூசிய பாடியில் முடுக்கியிருந்தார், ஈரத்தில் தொடர்பு விட்டுவிட்டது. "என் தப்புதான் டீச்சர்" என்று சொல்லி, அங்கேயே டார்ச் வெளிச்சத்தில் தற்காலிகமாகக் கட்டினார். மறுநாள் எல்லா எர்த்தையும் எஞ்சின் பிளாக்கில் ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவந்தார். காசு வாங்கவில்லை. தவறை ஒப்புக்கொண்டதை மதிக்கிறேன். ஆனாலும் மழையில் அப்பாவோடு நின்ற அந்த அரைமணி நேரம் நிகழ்ந்திருக்கக் கூடாது.

வயரிங் படம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அவர் தலையில் இருந்ததை நான் காகிதத்தில் வரையச் சொல்லி, இரண்டு சனிக்கிழமை கூடவே உட்கார்ந்து வாங்கினேன். கேட்காதவர்களுக்குக் கிடைக்காது. நாளைக்கு அவர் ஊரில் இல்லாத நேரத்தில் ஏதாவது ஆனால், இன்னொரு போமனுக்கு அந்தப் படம் இல்லாமல் ஒன்றும் புரியாது. அட்டவணை அடங்கிய ஃபைலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டிலிருக்கும் பம்பு ரீங்காரமிடுகிறது. ரேடியோ போட்டால் கேட்காது, போடாவிட்டால் கேட்கும்.

சக்தி கூடியதா என்று கேட்பார்கள். கூடியதாகச் சொல்லமாட்டேன். யாராவது இன்ஜெக்‌ஷன் போட்டாலே பறக்கும் என்றால் நம்பாதீர்கள். நன்றாக ட்யூன் செய்த கார்புரேட்டரும் ஏறத்தாழ அதே சக்தியைத் தரும். எனக்குக் கூடியது வேறு. விடியற்காலையில் சோக் இழுக்காமல் கிளம்புகிறது, பெட்ரோல் வாடை வீட்டுக்குள் வருவதில்லை, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் போனது 13-ஐத் தாண்டுகிறது.

செலவு: மொத்தம் 6,850 வெள்ளி. இதில் பலகை, சென்சார், வயரிங் சாமான் சேர்த்து 1,900. ஹாஃப்கட் சாமானும் லேத் வேலையும் 950. பம்பு, குழாய், டேங்க் வேலை 1,300. கொஞ்சம் பெரிய அல்டர்னேட்டர் 300. பழையது பம்புக்கும் விளக்குக்கும் சேர்த்துத் தாங்கவில்லை. மீதி கூலி. முந்தைய கடையில் போனது தனி. நல்ல கார்புரேட்டர் ரிப்பேருக்கு இதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதனால் உங்கள் காடியைச் சரிசெய்யத் தெரிந்த கை இன்னும் வீட்டிலோ ஊரிலோ இருந்தால், மாதம் ஒரு முறைதான் எடுத்து ஓட்டுவீர்கள் என்றால், கார்புரேட்டரையே வைத்துக்கொள்ளுங்கள். நான் போமன் தம்பியிடம் அனுப்பிய சக ஆசிரியர் ஒருவருக்கு அவரே இதைச் சொல்லி, 40 வெள்ளிக்குக் காஸ்கெட் மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார்.

டாஷ்போர்டில் சோக் குமிழை எடுக்க வேண்டாம் என்று கேட்டிருந்தேன். எடுக்கவில்லை. அதன் பின்னால் ஒரு சுவிட்ச் வைத்து, பம்புக்குப் போகும் மின்சாரத்தை அதனோடு இணைத்துவிட்டார். இழுத்து வைத்தால் காடியை யாராலும் கிளப்ப முடியாது. அப்பா இப்போதெல்லாம் இரவில் கதவைச் சாத்துவதற்கு முன் போய் அதை இழுத்துவிட்டு வருகிறார், காலையில் அவரேதான் உள்ளே தள்ளுகிறார். பள்ளிக்கு நேரமானாலும் அந்த வேலையை நான் தொடுவதில்லை.

போகிறவர்கள் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் போங்கள். திங்கட்கிழமை அடைப்பு. முதலில் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள், எர்த் எங்கே முடுக்கியிருக்கிறது என்று நேரில் பாருங்கள். பம்புச் சத்தத்துக்கு ரப்பர் மெத்தை வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அடுத்த விடுமுறையில் கொண்டுபோய் நிறுத்துகிறேன்.